மூன்று கொம்புச் சிங்காரக்கொட்டை

1936 அக்டோபர் 21, புதன். இன்று ஒரு சிறு தவறு. சிங்காரக்கொட்டையின் படத்தை 'பார்த்தது' என்ற பத்தியில் வரைந்துவிட்டேன். கடையில் விற்கும் காய்ந்த பருப்பைத்தான் பார்த்திருக்கிறேன். பச்சைக் காயைப் பார்த்ததில்லை. முக்கோணக் காய் என்று வகுப்பில் கேட்டதை வைத்து மூன்று கொம்பு போட்டேன். மூன்றாவது கொம்பு கொஞ்சம் சிறியதாக வந்திருக்கிறது. காயை நேரில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெயில் அதிகம்.

எழுதி முடித்ததும் சீதாராமன் மையொற்றும் தாளை வைத்து அழுத்தினான். பேனா முனையைத் துடைத்தான். பிறகு எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தான். 'வெயில் அதிகம்' என்பது கேட்டதா, பார்த்ததா என்று ஒரு சந்தேகம் வந்தது. முதுகில் சட்டை ஒட்டியிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டான்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. வீடு தல்லாகுளத்தில். பகலில் கோர்ட்டு நகல் பிரிவில் குமாஸ்தா. யாரோ எழுதியதைப் புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவது உத்தியோகம். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். ஒருமுறை நான்காம் தரமும் இழுத்து, பூட்டு கையோடு வந்துவிட்டது. நாட்குறிப்பையும் அப்படித்தான் எழுதினான். ஒவ்வொரு நாளும் தான் செய்த ஒரு தவறோடு தொடங்குவான். தவறே செய்யாத நாளில், 'இன்று தவறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறதியாக இருக்கலாம்' என்று எழுதுவான்.

நாட்குறிப்பு அவனாகப் பிடித்துக்கொண்ட பழக்கமில்லை. வடக்கு மாசி வீதியில் பேயாண்டியின் பூக்கடைக்கு மேலே, மாடியில் வைத்தியர் வரதாச்சாரி நடத்திய மாலை ஆயுர்வேத வகுப்பில் அது கட்டாயம். பதினாறு பேர் படித்தார்கள். பதினாறு பேரும் தினமும் எழுத வேண்டும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டு, கேட்டது, பார்த்தது, செய்தது என்று பிரித்து எழுத வேண்டும். கதவில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது. 'பார்க்காததைப் பார்த்தது என்று எழுதியவர் அந்த வருஷம் தேறமாட்டார்.' போன வருஷம் கடுக்காய்ப் பூவைப் பார்க்காமலே வர்ணித்த ஒருவர் அந்த விதியால் வெளியே போய், இப்போது ஜவுளிக்கடையில் சந்தோஷமாக இருந்தார்.

சீதாராமன் வெளியே போனால் அப்படிச் சந்தோஷமாக இருக்க வழியில்லை. அவனுக்காக டைப்ரைட்டிங் காத்துக்கொண்டிருந்தது. ரெவின்யூ ஆபீஸில் இருந்த அவன் அப்பா அனந்தநாராயணன் தெளிவாகச் சொல்லியிருந்தார். "விஜயதசமியன்னிக்கு ஒன்னோட வைத்தியர் தேறினான்னு சொன்னா, இன்னும் ரெண்டு வருஷம் வேரும் பட்டையும் இடிச்சுண்டு இரு. நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லேன்னா மறுநாளே சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ். என்ன சொல்றே?"

"சரிப்பா" என்றான் சீதாராமன். அந்தச் சரியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் செய்தது என்பதில் எழுதினான்.

விஜயதசமியன்று மாணவர்கள் ஆளுக்கு ஒரு மருந்துச் சரக்கைச் சபையில் வைக்க வேண்டும். பச்சையாக, காய்ந்ததாக, பொடியாக, கடைசியில் பக்குவம் செய்து எல்லோருக்கும் கொடுத்துத் தானும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் சீதாராமனுக்கு வந்தது சிங்காரக்கொட்டை. குளத்துத் தண்ணீரில் மிதக்கும் கொடியில் காய்ப்பது. அதைப் பற்றிக் கேட்டது என்ற பத்தி நிரம்பி வழிந்தது. இனிப்பும் லேசான துவர்ப்பும் உள்ளது. குளிர்ச்சி. பித்தத்தையும் உடல் எரிச்சலையும் தாகத்தையும் தணிக்கும். வயிற்றுப்போக்கைக் கட்டும். இரத்தப்போக்குக்கு நல்லது. கர்ப்பிணிகளுக்கு அதன் மாவைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். கபக்கட்டு உள்ளவர்களுக்கு ஆகாது. ஜீரணிக்கக் கனமானதால் அளவு மீறினால் வயிறு ஊதும். எல்லாம் இருந்தது. காய்தான் இல்லை.

வியாழக்கிழமை வகுப்பில் அவன் தவறு கொழுத்தது. விஜயதசமிக்குச் சுவரில் மாட்டப் பெரிய படங்கள் வேண்டும் என்றார் வைத்தியர். படம் போடத் தெரிந்தவன் சீதாராமன் ஒருவன்தான். பெரிய தாளில் சிங்காரக்கொட்டையை வரையும்போது, "இது இன்னும் நான் நேரில்…" என்று தொடங்கினான். அவன் குரல் பக்கத்துப் பெஞ்சு வரைகூடப் போகாது.

"அட, போடுங்க சாமி. அருமையா வருது" என்றான் பக்கத்தில் இருந்த சின்னச்சாமி. அவன் கொட்டாம்பட்டிக்காரன். பகலில் ஒரு அரிசி மண்டியில் வேலை. "மூணாவது கொம்ப இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. பாவமா இருக்கு."

சீதாராமன் நீட்டினான். பதினைந்து பேரும் அதைப் பார்த்துத் தங்கள் நோட்டில் வரைந்துகொண்டார்கள், பார்த்தது என்ற பத்தியில், மையில். அவர்களைப் பொறுத்தவரை அதைப் பார்க்கத்தானே செய்தார்கள்!

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் பக்குவம் பார்த்தான். கீழமாசி வீதியில் வாங்கிய காய்ந்த பருப்பை இடித்துச் சலித்து, கொதிக்கிற பாலில் ஒரு கிண்ணம் மாவைக் கொட்டினான். மாவு ஒரு தரம் உள்ளே போய், பந்தாக உருண்டு மேலே வந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் சேர்ந்து வந்தது.

அக்கா ஸ்யாமளா கையைப் பின்னால் இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாசம். எது சாப்பிட்டாலும் நெஞ்சு எரிகிறது என்று நாலு நாளாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சீது, இது எந்த வியாதிக்கு?"

"ஒன்னோட நெஞ்செரிச்சலுக்கு."

"இதை முழுங்கினா நெஞ்சே ஒட்டிண்டு போயிடும். அப்புறம் எரிச்சல் எங்கேருந்து வரும்!"

அம்மா வாலாம்பாள் பூக்கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள். "கொதிக்கற பால்லே யாராவது மாவைக் கொட்டுவாளோ? மொதல்லே பச்சைத் தண்ணியிலே கரைச்சுக்கணும். ரெண்டு ஸ்பூன் போறும். கையெடுக்காமக் கிண்டணும். மருந்து படிக்கறான், கஞ்சி வைக்கத் தெரியலை."

சீதாராமன் மறுபடியும் வைத்தான். இரண்டு ஸ்பூன் மாவு, பச்சைத் தண்ணீரில் கரைத்து, பால், சர்க்கரை, ஒரு ஏலக்காய். இந்தத் தடவை கஞ்சி வழுவழுவென்று வெண்ணெய் நிறத்தில் வந்தது. ஸ்யாமளா ஒரு வாய் குடித்தாள். யோசித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றாள். நாலு நாளில் அவள் இரண்டாம் தரம் கேட்ட முதல் பண்டம் அது. முதலில் கெட்டுப்போன பந்தையும் அவள் விடவில்லை. தண்ணீர் விட்டுத் தளர்த்தி, கொலுப்படிக்கு ஜிகினாக் காகிதம் ஒட்டினாள். கோந்தைவிட நன்றாகப் பிடித்தது.

செய்தது என்ற பத்தியில் சீதாராமன் இரண்டையும் எழுதினான். எழுதும்போது மனசுக்குள் சிரிப்பு வந்தது. அடுத்த பத்தியில் மூன்று கொம்போடு நின்ற படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அன்று மாலை வகுப்பில் பதினாறு நோட்டுகளையும் பூஜைக்கு அடுக்கினார்கள். மறுநாள் சரஸ்வதி பூஜை. சுவர்ப் படங்களைச் சுருட்டி மேலே வைத்து, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை விஜயதசமியன்று காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தொடவும் கூடாது. சாவி கீழே பேயாண்டியிடம் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் சின்னச்சாமியின் சைக்கிளில் இருவரும் பரவைக்குப் போனார்கள். அங்கே சின்னச்சாமியின் பெரியம்மா மகள் சீனியம்மாள் கண்மாயில் தாமரை இலையும் அல்லித்தண்டும் கிழங்கும் எடுத்துச் சந்தையில் விற்கிறவள். காய் அவளிடம் கிடைக்கும் என்று சின்னச்சாமி சொல்லியிருந்தான்.

கண்மாய்க்கரையில் முழங்கால்வரை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் சீனியம்மாள். முப்பது வயதிருக்கும்.

"வாடா கொட்டாம்பட்டி மைனரே. தண்ணியப் பாக்க வந்தியாக்கும்? உங்க ஊர்லதான் கண்மாய்ல கிட்டிப்புள் வெளையாடுவாகளே!"

"எக்கா, இது சீதாராமன் சாமி. மருந்து படிக்காக. சிங்காரக்கொட்டை பாக்கணுமாம்."

"அதென்ன கொட்டை? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

சீதாராமன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினான். நகல் இல்லாமல் அவன் எங்கும் போகமாட்டான். சீனியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தாளை நேராகப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எலை நம்ம மாட்டுத்தலைக்காய் எலை மாதிரித்தான் இருக்கு. காயிதான்…" என்று இழுத்தவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "சாமி, இது எந்தூரு மாடு? மூணு கொம்பு வச்சுருக்கு! மூணாவது கொம்பு எதுக்கு, கொடை மாட்டவா?"

கொஞ்சம் தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்த அவள் புருஷன் முத்திருளன் வந்து எட்டிப் பார்த்தான். "அலங்காநல்லூருக்குக் கொண்டு போலாமே! எந்த வீரன் வந்தாலும் ரெண்டு கையால மூணு கொம்ப எப்படிப் பிடிப்பான்?"

"நீ ரெண்டு கொம்பையே பிடிச்சதில்ல. வந்துட்டாரு பேச" என்றாள் சீனியம்மாள்.

சீதாராமனுக்குக் காது சூடானது. "அப்போ உண்மையிலே எத்தனை கொம்பு?"

"எறங்கிப் பாருங்க சாமி. நான் சொல்லி நீங்க எழுதினா அப்புறம் அதுவும் கேட்டதாத்தான போகும்?" என்றாள் அவள். சின்னச்சாமி முன்பு வந்தபோதெல்லாம் என்ன சொல்லிவைத்திருந்தானோ, மூன்று பத்தியும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சீதாராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. பத்தடி தள்ளி, தண்ணீர்மேல் வட்டம் வட்டமாக இலைகள் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு வட்டமும் கோலம் போட்ட மாதிரி, நடுவிலிருந்து வெளியே போகப் போகப் பெரிய இலை. இலைக்காம்பு நடுவில் உப்பி, பஞ்சு போல இருந்தது. அதுதான் கொடியை மிதக்க வைக்கிறது என்று அவனாகவே கண்டுபிடித்தான். அந்தச் சந்தோஷத்தில் ஓரடி அதிகமாக எடுத்துவைத்தான்.

"அம்மா!"

"என்ன சாமி?"

"குத்திடுத்து!"

"பழைய காயி சேத்துல கெடக்கும். பாத்து வைக்க வேணாமா? காலத் தூக்குங்க."

முத்திருளன் அவனைப் பிடித்துக் கரையில் உட்கார வைத்தான். குதிகாலில் கறுத்துப்போன ஒரு காய் கவ்விக்கொண்டிருந்தது. சீனியம்மாள் அதைப் பிடுங்கி எறியப் போனாள். "இருங்கோ, இருங்கோ" என்று சீதாராமன் அவள் கையைத் தடுத்தான். தன் பாதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, வலியையும் மறந்து பார்த்தான். காய் ஒரு மாட்டின் முகம் போலவே இருந்தது. நெற்றி, தாடை, இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு. கொம்பு இரண்டு. கீழே குறுகிப் போவதால் முக்கோணம். வகுப்பில் கேட்ட முக்கோணம் அந்த முகம்தான். குதிகாலில் இரண்டு புள்ளி, இரண்டு சொட்டு ரத்தம்.

"ரெண்டு" என்றான்.

"ரெண்டேதான்" என்றாள் சீனியம்மாள். "இனிமே மறக்கமாட்டீக."

அவள் மஞ்சளைச் சுண்ணாம்போடு குழைத்துத் தடவி, துணியால் கட்டிவிட்டு, தண்ணீரில் இறங்கி ஒரு வட்டத்தை அப்படியே தூக்கினாள். இலைக்கு அடியில் பச்சையும் சிவப்புமாகக் காய்கள் தொங்கின. அரிவாள்மனையில் கொம்பைத் தட்டிவிட்டு, தோலைக் கீறி, பருப்பைக் கையில் கொடுத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கடித்தால் இளந்தேங்காய் போல நறுக்கென்று, இனிப்பும் கடைசியில் ஒரு துளித் துவர்ப்பும். வகுப்பில் கேட்டது நாக்கில் வந்து உட்கார்ந்தபோது சீதாராமனுக்குப் புல்லரித்தது.

"இதை நீங்க எதுக்கெல்லாம் சாப்பிடுவேள்?"

"பசிக்குச் சாப்பிடுவோம்" என்றாள் சீனியம்மாள். பிறகு, "வெயில்ல வேலை செஞ்சா ரெண்டு திம்போம், ஒடம்பு காந்தாது. பிள்ளைகளுக்கு வயித்தால போனா அவிச்சுக் குடுப்போம். இம்புட்டுத்தான் தெரியும். அதுக்காக ரொம்பத் தின்னக்கூடாது. டேய், ஒனக்குத்தான் சொல்றேன்!"

சின்னச்சாமி உரித்த காய் இருந்த ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணி எண்ணித் தின்றுகொண்டிருந்தான். "இருபத்தேழுதான்க்கா" என்றான். திரும்பும்போது சைக்கிளை மிதித்தது குதிகாலில் கட்டுப்போட்ட சீதாராமன்தான். பின்னால் உட்கார்ந்தவன் பின்னாளில் பாத்திமா கல்லூரி வரப்போகிற பொட்டலைத் தாண்டியும், செல்லூரைத் தாண்டியும் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான். முன்னால் கம்பியில், ஈரச்சாக்கில் சுற்றிய முழுக் கொடி ஒன்று.

பாலத்தைத் தாண்டியதும்தான் சீதாராமனுக்கு அது உறைத்தது. மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சின்னச்சாமியிடம் சொன்னான். படம் பூஜையில் இருக்கிறது. நாளைக் காலை பட்டுத்துணியை எடுத்த மறு நிமிஷம் மூன்று கொம்பைச் சுவரில் மாட்டுவார்கள். அதற்குக் கீழே இரண்டு கொம்புக் காயை வைத்துக்கொண்டு அவன் நிற்க வேண்டும். கதவில் விதி ஒட்டியிருக்கிறது.

"இதுக்கா மூஞ்சி தொங்குது?" என்றான் சின்னச்சாமி. "பேயாண்டி அண்ணன்கிட்டச் சாவிய வாங்குவோம். மேல போயி ஒரு கொம்பச் சொரண்டிட்டு வந்துருவோம். ஏவ்."

"பதினாறு நோட்டுலயும் சுரண்டணும். மை."

"அது வாஸ்தவந்தான். ஏவ்."

பூக்கடையில் பேயாண்டி கதம்பத்தை அளந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துச் சீதாராமன் கையிலேயே வைத்தார். "எனக்கென்ன. நீங்க படிக்கிறவுக. பூசையில இருக்கிற பொஸ்தகத்த இன்னைக்குத் தொடலாமா கூடாதான்னு உங்களுக்குத் தெரியாததா?"

சீதாராமன் படியேறினான். பன்னிரண்டு படி. கதவருகே போய் நின்றான். விதி கண்ணெதிரே இருந்தது. உள்ளிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. ஒரு கொம்பைச் சுரண்டிவிட்டால் டைப்ரைட்டிங் போய்விடும், இரண்டு வருஷம் கைக்கு வரும். ஆனால் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து தெரியும். தெரியாமல் போனாலும் நாளைய குறிப்பை ஒரு தவறோடுதானே தொடங்க வேண்டும்? இந்தத் தவறை எந்த வார்த்தையில் எழுதுவது? அவனுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. வழக்கம்போலப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவந்து சாவியைக் கொடுத்தான்.

"நெனச்சேன்" என்று பேயாண்டி ஒரு முழம் கதம்பம் நறுக்கிக் கொடுத்தார். "அக்காவுக்குக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி நிரம்பியிருந்தது. மாணவர்களின் வீட்டார் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அனந்தநாராயணன் சட்டைமேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, வாலாம்பாள் கொடுத்தனுப்பிய கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, டைப்ரைட்டிங் பள்ளி விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டிருந்தார். கற்பூரம் காட்டி, பட்டுத்துணியை எடுத்து, படங்களை மாட்டினார்கள். மூன்றாவது கொம்பு நன்றாக நீண்டு, எல்லோரையும் பார்த்தது.

ஐந்தாவதாகச் சீதாராமனைக் கூப்பிட்டார்கள். அவன் நொண்டிக்கொண்டே வந்து, ஒரு பித்தளை அண்டாவிலிருந்த தண்ணீரில் கொடியை மிதக்கவிட்டான். குணங்களை ஒன்று விடாமல் சொன்னான். குரல் முதல் பெஞ்சு வரை போனது. பிறகு திரும்பிச் சுவரைக் காட்டினான்.

"அந்தப் படம் தப்பு" என்றான். இந்தத் தடவை குரல் பின்சுவர்வரை போனது. "காய்க்கு ரெண்டு கொம்புதான். நான் பார்க்காமலே பார்த்ததுன்னு வரைஞ்சேன். நேத்திக்குத்தான் பார்த்தேன். இதோ காய். இது…" என்று தயங்கி, கட்டை அவிழ்த்துக் குதிகாலைத் திருப்பிக் காட்டினான். "இது சாட்சி."

முதல் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பின்னால் விசிறி நின்றது.

வரதாச்சாரி எழுந்து வந்தார். அண்டாவில் குனிந்து ஒரு இலை வட்டத்தைத் தூக்கினார். காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். கொம்பை விரல் நுனியால் தொட்டார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருபது வருஷமா இதைச் சூரணம் பண்ணிண்டிருக்கேன்" என்றார். "வடக்கேருந்து மூட்டையிலே பருப்பா வரும். பச்சைக் காயை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "ஆனா விதி விதிதான். சீதாராமன் நோட்டை எடுங்கோ."

புதன்கிழமைப் பக்கம் திறந்தது. வைத்தியர் உரக்கப் படித்தார். "இன்று ஒரு சிறு தவறு. சிங்காரக்கொட்டையின் படத்தை 'பார்த்தது' என்ற பத்தியில் வரைந்துவிட்டேன். பச்சைக் காயைப் பார்த்ததில்லை…" கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தார். "மூன்றாவது கொம்பு கொஞ்சம் சிறியதாக வந்திருக்கிறதாம்!"

சபை சிரித்தது. சீதாராமனுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் பல் தேய்ப்பது போல எழுதுகிற தவறு. அதை யாராவது படிப்பார்கள் என்றோ, அது கணக்கில் சேரும் என்றோ அவன் நினைத்ததே இல்லை.

"பார்க்கலைன்னு அன்னிக்கே எழுதிட்டான். அப்போ இது பார்த்ததுன்னு சொன்னதாகாது. இவன் மேலே விதி பாயாது" என்றார் வைத்தியர். "மத்தவா நோட்டைக் கொண்டாங்கோ."

ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினைந்து நோட்டு. பதினைந்திலும் பார்த்தது என்ற பத்தியில் மூன்று கொம்பு. ஒன்றில்கூடப் பார்க்கவில்லை என்ற ஒரு வரி இல்லை. மாடியில் சிரிப்பு மெல்ல அடங்கியது. பதினைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியரும் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். விதிப்படி வகுப்பில் ஒரே ஒருவன்தான் தேறியிருந்தான்.

"அய்யா!" என்று சின்னச்சாமி எழுந்தான். "நான் நேத்துப் பாத்துட்டேன்யா! இருபத்தேழு சாட்சி என் வயித்துல இருக்கு. இன்னும் போகலை."

"இருபத்தேழா? ஜீரணிக்கக் கனமானது, அளவு மீறினா வயிறு ஊதும்னு சொன்னேனே, கேட்கலையா?"

"கேட்டேன். பாத்தேன். இப்பச் செஞ்சும் பாத்துட்டேன். மூணு பத்தியும் ரொம்பிருச்சுய்யா."

வரதாச்சாரியால் அதற்குமேல் முகத்தை இறுக்கி வைத்திருக்க முடியவில்லை. அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. இந்த வருஷம் முடிய இன்னும் நாள் இருக்கு. நாளைக்குப் பதினைஞ்சு பேரும் அந்தக் கண்மாய்லே இறங்கிக் காயைப் பார்க்கணும். பார்த்துட்டு வந்து தேதி போட்டுத் திருத்தணும். அப்புறம் தேறினதா இல்லையான்னு சொல்றேன். பதினாறாவது ஆளா நானும் வரேன். எனக்கும் பார்த்தது காலியாத்தான் கிடக்கு. சீதாராமா, நீதான் கூட்டிண்டு போகணும்."

பேயாண்டி தொன்னைகளை அனுப்பினார். அனந்தநாராயணன் தாமாகவே எழுந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். சீதாராமன் எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினான். கடைசியில் தூக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அனந்தநாராயணன் யாரும் பார்க்காத மாதிரி இரண்டாவது தொன்னை குடித்தார். சீதாராமன் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாலத்தின்மேல் அவர் பேச்சை எடுத்தார். "சொன்ன வாக்குத் தப்பமாட்டேன். சாயங்காலம் ஒன்னோடது."

"சரிப்பா."

"டைப்ரைட்டிங் கிளாஸ் கார்த்தாலே ஆறு மணிக்கும் உண்டுன்னு இந்த நோட்டீஸிலே போட்டிருக்கான்." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "கார்த்தாலே யாரோடதுன்னு நாம பேசிக்கவே இல்லையே?"

சீதாராமன் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். கீழே வைகையில் புதுத்தண்ணீர் கொஞ்சமாக, மணலை நனைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஸ்யாமளா வாசலிலேயே நின்றிருந்தாள். "தேறினியா?" என்று கேட்கவில்லை. "காய் மிச்சம் இருக்கா?" என்றாள்.

1936 அக்டோபர் 25, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு. ஸ்யாமளா அக்காவுக்கு ஆறு காய் கொடுத்ததாக அம்மாவிடம் சொன்னேன். எட்டு. பார்த்தது: காய்க்குக் கொம்பு இரண்டு. செய்தது: தேறினேன். இதைக் கேட்டது என்பதில் எழுத வேண்டுமோ என்று தோன்றுகிறது. நாளைக்கு விடுமுறை. காலை ஐந்தரைக்குப் பேயாண்டி கடை வாசலில் பதினைந்து பேரும் வைத்தியரும். எண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டும். சீனியம்மாளிடம் அரிவாள்மனை இரண்டும் மஞ்சள் சுண்ணாம்பு நிறையவும் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். சின்னச்சாமியைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடக்கூடாது. திரும்பி வந்ததும் சுவர்ப் படத்தைப் புதிதாக வரைய வேண்டும், காயை எதிரில் வைத்துக்கொண்டு.